ஒரு ஓட்டு, ஒரு போலீஸ் நாய், ஒரு மர ஸ்டாண்டு: இங்கிலாந்து கீழ் டிவிஷன் கதைகள், கேள்வி பதில்

போன வாரம் பழைய ஃபுட்பால் லீக் பத்தி நான் ஏதோ வாய விட்டேன், அதுக்கு வந்த கேள்விகளப் பாத்துட்டு இன்னிக்கு ராத்திரி உக்காந்து எல்லாருக்கும் பதில் சொல்றேன்னு ஒத்துக்கிட்டேன். தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை, வேலைக்காக மான்செஸ்டர் தெக்குப் பக்கம் ஏழு வருஷம் இருந்தேன், பெரிய கிளப் டிக்கெட் எல்லாம் நம்ம சம்பளத்துக்குக் கட்டுப்படியாகல, அதனால டிராம் ஏறி ஆல்ட்ரின்சம்னு ஒரு சின்ன கிளப் கிரவுண்டுக்குப் போக ஆரம்பிச்சேன். அங்க மழையில நின்னுகிட்டு மேட்ச் பாக்குற பெருசுங்க வாயக் கிளறினா போதும், நாப்பது அம்பது வருஷக் கதை கொட்டும். மிச்சத்த நானா நோண்டி நோண்டிப் படிச்சது. கேளுங்க.

கேள்வி (திண்டுக்கல் கோல்கீப்பர்): அண்ணே, 1987 வரைக்கும் நாலாவது டிவிஷன்ல கடைசியா வந்தாலும் கீழ போக மாட்டாங்கன்னு சொன்னீங்களே, அப்ப கீழ இருக்குற டீம் எப்படித்தான் மேல வரும்?

ஓட்டு வாங்கித்தான் தம்பி வரணும். நம்ம ஊரு கூட்டுறவு சொசைட்டி எலெக்‌ஷன் மாதிரின்னு வச்சுக்கோ. ஃபுட்பால் லீக்னா அது 1888ல 12 கிளப் சேந்து ஆரம்பிச்ச ஒரு சங்கம், நாலாவது டிவிஷன்தான் அதோட கடைசிப் படி, யார் உள்ள இருக்கலாம்னு சங்கத்து ஆளுங்களே முடிவு பண்ணுவாங்க. 1958ல இருந்து நாலாவது டிவிஷன்ல கடைசி நாலு இடத்துல முடிச்ச டீம் வருஷாவருஷம் ஜெனரல் மீட்டிங்ல போய் "எங்கள மறுபடி சேத்துக்கோங்க"ன்னு கேக்கணும், இதுக்குப் பேரு ரீ-எலெக்‌ஷன். அதே மீட்டிங்ல வெளிய இருக்குற டீமும் மனு போடும். அதிகமா ஓட்டு வாங்குற நாலு பேருக்கு எடம்.

இதுல கூத்து என்னன்னா முதல் ரெண்டு டிவிஷன் கிளப்புங்களுக்குத்தான் ஆளுக்கு ஒரு ஓட்டு, மூணாவது நாலாவது டிவிஷன் மொத்தத்துக்கும் சேத்து ஒரு கைப்பிடி ஓட்டுதான். அதாவது ராச்டேல் மாதிரி ஒரு சின்ன கிளப் இருக்கணுமா வேணாமான்னு முடிவு பண்றது லிவர்பூலும் ஆர்சனலும். வருஷக்கணக்கா ஒண்ணா உக்காந்து சாப்ட்ட மனுசன வெளிய போன்னு யாரு சொல்லுவா? அதுபோக வெளிய இருந்து மனு போடுற டீம் ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு கூட்டமே போடும், அதனால எதிர் ஓட்டு செதறிப் போயிரும். ஹார்ட்டில்பூல் 14 தடவ இப்படி கெஞ்சப் போயிருக்கு, 14 தடவயும் தப்பிச்சு வந்திருக்கு. அது ரெக்கார்டு.

கேள்வி (கால்பந்து கமலா): உங்க ஆல்ட்ரின்சம் கதைய முழுசா சொல்லுங்க சார், எப்பப் பாத்தாலும் "அந்த ஒரு ஓட்டு"ன்னு சொல்லி நிறுத்திர்றீங்க.

சொல்றேம்மா. 1979ல அலையன்ஸ் பிரிமியர் லீக்னு 20 டீமோட புதுசா ஒண்ணு ஆரம்பிச்சாங்க. லீக்குக்கு வெளிய நாடு முழுக்க நல்ல டீம்கள ஒரே டேபிள்ல போட்டு, அதுலருந்து ஒரே ஒரு கேண்டிடேட்ட மட்டும் அனுப்புனா ஓட்டு செதறாதுன்னு கணக்கு. கணக்கு சரிதான். முதல் சீசன் 1979-80ல சாம்பியன் ஆல்ட்ரின்சம். நாலாவது டிவிஷன்ல அந்த வருஷம் கடைசி ராச்டேல். மீட்டிங் நடக்குது, ஓட்டு எண்றாங்க. ராச்டேல் 26, ஆல்ட்ரின்சம் 25.

அங்கயே முடிஞ்சிருந்தாலும் பரவால்ல. ஆல்ட்ரின்சத்துக்குப் போடுறேன்னு வாக்கு குடுத்த ரெண்டு கிளப்போட ஓட்டு விழவே இல்லன்னு அப்புறம் தெரிய வருது. ஒருத்தர் நேரம் தப்பா வந்துட்டாரு, இன்னொருத்தர் மீட்டிங் ஹால்ல ஓட்டுப் போடுற இடத்துல இல்லாம வேற பக்கம் நின்னுட்டாருன்னு கிரவுண்டுல ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி சொல்லுவாங்க. நான் வழக்கமா நிக்கிற பக்கத்துல ஒரு பெரியவர், எழுவத தாண்டுனவரு, கையில ஃபிளாஸ்க், மஃப்ளரச் சுத்திகிட்டு வருவாரு, அவரு இத சொல்லும்போது வெரல்ல 25 எண்ணிக் காட்டுவாரு, எண்ணி முடிச்சதும் இன்னொரு வெரல மடக்காம நீட்டி வச்சுகிட்டு அப்படியே பாப்பாரு, பேச மாட்டாரு. ஆப் டைம்ல டீ வாங்கப் போற வரைக்கும் அந்த வெரல் மடங்காது.

அடுத்த வருஷமும் அவங்கதான் சாம்பியன், மறுபடி மனு, இந்தத் தடவ கிட்டக்கூட வரல, சும்மா தூக்கிப் போட்டுட்டாங்க. அதுக்கப்புறம் ரன்கார்ன், என்ஃபீல்டு, மெய்ட்ஸ்டோன், வெல்ட்ஸ்டோன்னு சாம்பியன் ஆன யாருக்குமே கதவு தெறக்கல. ஆல்ட்ரின்சம் அந்தப் படிய இன்னும் ஏறல. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்சதுன்னு சொல்வோம்ல, இங்க தாழிய ஒடைக்கல, தாழிய வாங்க வேண்டியவன் ரூம் மாறிப் போயிட்டான்.

கேள்வி (வெளியேற்றம் 007): ஓட்டுல வெளிய போன கிளப்புங்களே இல்லயா அப்ப?

இருக்கு, ஆனா கம்மி. 1960ல கேட்ஸ்ஹெட் கடைசி கூட இல்ல, கடைசில இருந்து மூணாவது, அவங்கள தூக்கிட்டு பீட்டர்பரோவ சேத்தாங்க. பீட்டர்பரோ சும்மா இல்ல, வந்த முதல் சீசன்லயே 134 கோல் அடிச்சு டிவிஷன் ஜெயிச்சாங்க, டெர்ரி பிளை மட்டும் லீக்ல 52. அதப் பாத்துட்டு ஓட்டுப் போட்டது சரிதான்னு சொல்றவங்க உண்டு, கேட்ஸ்ஹெட்காரன் முன்னாடி மட்டும் சொல்லிராதீங்க.

1970ல பிராட்ஃபோர்டு பார்க் அவென்யூ போச்சு, கேம்பிரிட்ஜ் வந்துச்சு. 1972ல பாரோ போச்சு, ஹெர்ஃபோர்டு வந்துச்சு. ஹெர்ஃபோர்டு அந்த வருஷம்தான் எஃப்ஏ கப்ல, அதாவது சின்ன கிளப் பெரிய கிளப் எல்லாம் கலந்து ஆடுற நாக்-அவுட் கோப்பைல, நியூகாசில 2-1ன்னு சாய்ச்சிருந்தாங்க, அந்த சேத்துக் கிரவுண்டுல ரானி ராட்ஃபோர்டு தூரத்துல இருந்து அடிச்ச கோல் இன்னிக்கும் ஓடிட்டு இருக்கு. பாரோ பண்ண தப்பு என்ன? ஊரு ஒரு மூலையில இருக்கு, பஸ்ல போய் வர ஒரு நாள் ஆகும், யாருக்கும் அங்க போகப் பிடிக்கல, அவ்ளோதான்னு நான் நெனக்கிறேன். 48 வருஷம் கழிச்சு 2020லதான் திரும்பி வந்தாங்க.

கடைசியா ஓட்டுல போனது 1978ல சவுத்போர்ட். முதல் சுத்துல சவுத்போர்ட்டும் விகானும் 26-26, மறுபடி ஓட்டு, விகான் 29, சவுத்போர்ட் 20. விகான் அதுக்கு முன்னாடி எத்தன வருஷமா மனு போட்டுட்டு இருந்துச்சுன்னா, வெறுத்துப் போய் 1972ல ஸ்காட்லாந்து லீக்ல சேத்துக்கோங்கன்னே கேட்டுப் பாத்தாங்க! அதே விகான் 2013ல எஃப்ஏ கப் தூக்குச்சு. 2020 ஜூலையில ஹல் டீம 8-0ன்னு அடிச்சுட்டு அதே மாசம் 12 பாயிண்ட் வெட்டுல கீழ் டிவிஷனுக்கு எறங்குச்சு, ஏன்னா கிளப் திவால் நிலைக்குப் போயிருச்சு.

கேள்வி (அக்ரிங்டன் யாரு): அக்ரிங்டன் ஸ்டான்லி 1888ல லீக் ஆரம்பிச்ச 12 கிளப்ல ஒண்ணுதானே?

இல்ல. எல்லாரும் விழுற குழி இது. 1888ல இருந்தது அக்ரிங்டன் எஃப்சி, அது 1893லயே லீக்க விட்டுப் போயிருச்சு. ஸ்டான்லி வேற கிளப், 1921ல வடக்கு மூணாவது டிவிஷன் ஆரம்பிச்சப்ப உள்ள வந்தது. அவங்க கத 1962 மார்ச்ல முடிஞ்சுது. அறுபதாயிரம் பவுண்ட் பக்கம் கடன். அதுல ஒரு பகுதி ஒரு ஸ்டாண்டால வந்த வினை, ஆல்டர்ஷாட்ல ராணுவ அணிவகுப்பு ஷோவுக்குப் போட்டிருந்த ஸ்டாண்ட 1958ல வெலைக்கு வாங்கி, கழட்டி, வடக்க கொண்டு வந்து நட்டாங்க. வாங்குன காச விட கொண்டு வந்து நட்ட செலவு பல மடங்கு. மாடு வாங்கலாம், கயிறு வாங்கக் காசில்லங்குற கத.

33 மேட்ச் ஆடியாச்சு, கடைசி மேட்ச் க்ரூவில 4-0 தோல்வி. ராஜினாமா லெட்டர் அனுப்பிட்டாங்க. அப்புறம் யாரோ பணம் தர்றேன்னு சொல்ல, ஐயோ லெட்டர திருப்பிக் குடுங்கன்னு ஓடுனா லீக் செக்ரட்டரி ஆலன் ஹார்டேக்கர் முடியாதுன்னுட்டாரு. 33 மேட்ச் ரிசல்ட்டும் டேபிள்ல இருந்து அழிச்சாச்சு, ஆடுனதே இல்லங்குற மாதிரி. அந்தக் காலி எடத்துக்கு வந்தது ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட்.

இப்ப கேளுங்க. 1968ல ஸ்டான்லிய புதுசா ஆரம்பிச்சு, கீழ இருந்து ஒவ்வொரு படியா ஏறி, 2006ல லீக்குக்குத் திரும்பி வந்தாங்க. அதே 2006ல லீக்ல இருந்து கீழ விழுந்த டீம் எது தெரியுமா? ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட். இத எவனாவது கதையா எழுதிக் கொண்டு வந்தா நம்ப மாட்டேன்னு திருப்பி அனுப்பிருப்பேன்.

கேள்வி (நாய் பிரியன்): நாய் கடிச்சு ஒரு கிளப் தப்பிச்சதுன்னு படிச்சேன், ரீலா?

ரியல்தான். 1986-87 சீசன்லதான் ஓட்டு முறைய மூட்ட கட்டிட்டு நேரடி பிரமோஷன் கொண்டு வந்தாங்க, நாலாவது டிவிஷன் கடைசி டீம் கீழ, கான்ஃபரன்ஸ் சாம்பியன் மேல. கான்ஃபரன்ஸ்னா பழைய அலையன்ஸ் பிரிமியர் லீக்தான், பேர் மாறுச்சு. சாம்பியன் ஸ்கார்பரோ, மேனேஜர் நீல் வார்னாக். கீழ யாரு போறதுன்னு மே 9ஆம் தேதி கடைசி நாள் வரைக்கும் இழுத்துச்சு, பர்ன்லி, டார்க்கி, லிங்கன் மூணு பேருக்கும் கழுத்துல கத்தி. பர்ன்லி 1888ல லீக்க ஆரம்பிச்ச கிளப்புங்கள்ல ஒண்ணு, ரெண்டு தடவ இங்கிலாந்து சாம்பியன்!

பர்ன்லி ஓரியண்ட 2-1ன்னு ஜெயிச்சு மூச்சு விட்டுச்சு. டார்க்கி தன் கிரவுண்டுல க்ரூவோட 2-0 பின்னாடி. ஜிம் மெக்நிக்கல்ங்குற டிஃபென்டர் ஃப்ரீகிக்ல ஒண்ண போட்டாரு, 2-1. கடைசி நிமிஷங்கள்ல அதே மெக்நிக்கல் பந்து பின்னாடி லைன் பக்கம் ஓடுறாரு, அங்க நிக்கிற போலீஸ் நாய் பிரின், தன் எஜமானத்தான் அடிக்க வர்றான்னு நெனச்சு தொடையில ஒரு புடி. தையல் போடுற அளவுக்குக் கடி. ஆட்டம் நின்னு, கட்டு கட்டி, அந்த நேரத்த ரெஃபரி கடைசில சேத்துக் குடுத்தாரு, அந்தக் கூடுதல் நேரத்துல பால் டாப்சன் கோல், 2-2. டார்க்கியும் லிங்கனும் பாயிண்ட்ல சமம், கோல் டிஃபரன்ஸ்ல டார்க்கி தப்பிச்சுது. ஸ்வான்சீல 2-0 தோத்துட்டு உக்காந்திருந்த லிங்கன் கீழ. சீசன் பூரா அவங்க கடைசி எடத்துக்கே வரலன்னு சொல்லுவாங்க, வந்தது அந்தச் சாயங்காலம் மட்டும். நல்லவேளையா அடுத்த வருஷமே சாம்பியனா திரும்பிட்டாங்க.

ஸ்கார்பரோவோட முடிவையும் சொல்லிடறேன். 1999ல கடைசி நாள், அவங்க மேட்ச் 1-1ல முடிஞ்சு தப்பிச்சோம்னு நிக்கிறாங்க, கார்லைல் மேட்ச் மட்டும் இன்னும் முடியல. அங்க வேற கிளப்ல இருந்து லோன்ல வந்திருந்த கோல்கீப்பர் ஜிம்மி கிளாஸ் கார்னருக்கு முன்னாடி ஓடி வந்து ஒரு கோல் போட்டுட்டாரு. அதுல கார்லைல் தப்பிச்சுது, ஸ்கார்பரோ அவுட். 2007ல கிளப்பே மூடியாச்சு. கிரவுண்ட வித்துக் கடன அடைக்கலாம்னா அந்த எடத்துல விளையாட்டத் தவிர வேற எதுவும் வரக்கூடாதுன்னு பத்திரத்துல எழுதியிருந்துச்சு.

கேள்வி (சீனியர் சிட்டிசன்): நேரடி பிரமோஷன் வந்த பிறகு அநியாயம் நின்றுவிட்டது என்று கொள்ளலாமா?

எங்க சார் நின்னுச்சு, ஓட்டுக்குப் பதிலா கிரவுண்ட அளக்குற டேப்ப எடுத்துட்டு வந்தாங்க. 1994, 95, 96 மூணு வருஷம் தொடர்ந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன் மேல வரல. கிரவுண்ட் சரியில்லன்னு.

1994ல கிட்டர்மின்ஸ்டர். அந்த வருஷம் எஃப்ஏ கப்ல பர்மிங்ஹாம் சிட்டிய வீழ்த்தி அஞ்சாவது ரவுண்டு வரைக்கும் போன டீம். மர ஸ்டாண்டு இருக்கு, வேணாம்னுட்டாங்க. 1985ல பிராட்ஃபோர்டு தீ விபத்துல 56 பேர் செத்த பிறகு மர ஸ்டாண்டுன்னா பயம், அது நியாயமான பயம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அவங்களுக்குப் பதிலா உள்ளயே இருந்த கடைசி டீம் நார்தாம்ப்டன் எங்க ஆடிட்டு இருந்துச்சு தெரியுமா? கிரிக்கெட் கிளப்போட பங்கு போட்ட மைதானம், மூணு பக்கம்தான் ஸ்டாண்டு, நாலாவது பக்கம் தெறந்து கெடக்குற கிரிக்கெட் புல்வெளி. உள்ள இருக்குறவனுக்கு ஒரு அளவு, வெளிய நிக்கிறவனுக்கு ஒரு அளவு.

1995ல மேக்கில்ஸ்ஃபீல்டு. இது இன்னும் மோசம், அவங்க கிரவுண்டு மாஸ் ரோஸ்ல 1990ல இருந்து 92 வரைக்கும் செஸ்டர் சிட்டி வாடகைக்கு ஆடுச்சு, அதுவும் ஃபுட்பால் லீக் மேட்ச்! வாடகைக்காரன் ஆடும்போது சரியா இருந்த கிரவுண்டு வீட்டுக்காரன் ஆட வரும்போது சரியில்லயாம். 1996ல ஸ்டீவனேஜ், அவங்க மட்டும் கோர்ட்டுக்குப் போனாங்க. விதிகள்ல கோளாறு இருக்குங்குற மாதிரியே ஜட்ஜ் பேசுனாரு, ஆனா சீசன் ஆரம்பத்துல விதிய ஒத்துக்கிட்டு ஜெயிச்ச பிறகு வந்து கேக்குறீங்களே, லேட்டுன்னு சொல்லிட்டாரு. அந்தத் தடவ தப்பிச்சது யாரு? நாய் கடிச்ச டார்க்கி. சில கிளப்புக்கு ராசி அப்படி.

மேக்கில்ஸ்ஃபீல்டு 1997லயும் கிட்டர்மின்ஸ்டர் 2000லயும் ஸ்டீவனேஜ் 2010லயும் ஒருவழியா மேல வந்தாங்க. அப்புறம் 2020ல லீக் டூ, அதாவது பழைய நாலாவது டிவிஷன், அதுல கடைசி எடம் ஸ்டீவனேஜ், போகப்போறது உறுதின்னு இருந்தப்ப, சம்பளம் குடுக்காத வகையில மேக்கில்ஸ்ஃபீல்டுக்கு மறுபடி மறுபடி பாயிண்ட் வெட்டி அவங்கள கீழ தள்ளுனாங்க, ஸ்டீவனேஜ் தப்பிச்சுது. ரெண்டு பேரும் ஒரே வாசல்ல ஒரே காரணத்துக்காக நின்னவங்க. அடுத்த மாசமே மேக்கில்ஸ்ஃபீல்ட கோர்ட் மூடச் சொல்லிருச்சு.

கேள்வி (ரெண்டாமிடம்): ரெண்டாவதா வந்தும் மேல போகாத டீம்ல யாரு பாவம்?

பிளைமவுத். மூணாவது டிவிஷன் அப்ப வடக்கு தெக்குன்னு ரெண்டா இருந்துச்சு, 1921ல இருந்து 58 வரைக்கும், ஒவ்வொண்ணுலயும் சாம்பியன் மட்டும்தான் மேல. பிளைமவுத் 1922ல இருந்து 1927 வரைக்கும் தொடர்ந்து ஆறு வருஷம் ரெண்டாவது. ஆறு! முதல் தடவ சவுத்தாம்ப்டன்கிட்ட கோல் ஆவரேஜ்ல, அதாவது அடிச்ச கோல வாங்குன கோலால வகுக்குற கணக்குல, போச்சு. 1930லதான் ஏறுனாங்க. 1958ல ரெண்டு பக்கத்துலயும் மேல் பாதி 12-12 டீம புது மூணாவது டிவிஷனாவும், கீழ் பாதிய நாலாவதாவும் மாத்துனாங்க.

கிட்டத்துல உள்ளதுன்னா ரெடிங் 1995. பிரிமியர் லீக்க 22ல இருந்து 20 ஆக்கணும்னு அந்த ஒரு வருஷம் நாலு பேர் கீழ, ரெண்டு பேர் மட்டும் மேல. அதுக்குக் கீழ் டிவிஷன்ல ரெண்டாவது வந்த ரெடிங் வேற எந்த வருஷமா இருந்தாலும் நேரா போயிருக்கும். மிச்ச ஒரு எடத்துக்கு நாக்-அவுட்டா நடக்குற பிளேஆஃப் ஃபைனல்ல போல்டன்கூட 2-0 லீடு, அதுல ஒரு பெனால்டி வேற கெடச்சுது, கீப்பர் புடிச்சுட்டாரு. 4-3 தோல்வி, எக்ஸ்ட்ரா டைம்ல. அப்புறம் 2006ல 106 பாயிண்ட் எடுத்துட்டுதான் மேல போனாங்க, யாரும் எந்தக் கணக்கும் சொல்லித் தடுக்க முடியாதபடி.

கேள்வி (ஆர்சனல் வெறியன்): எங்க டீமுக்கு 1919ல என்ன நடந்துச்சு?

நீயே வந்து மாட்டிக்கிட்ட. முதல் உலகப் போர் முடிஞ்சு முதல் டிவிஷன 20ல இருந்து 22 ஆக்குனாங்க. ஒரு எடம் ஓட்டுக்கு விட்டாங்க. முதல் டிவிஷன்ல கடைசியா முடிச்ச டாட்டன்ஹாம் கேட்டுச்சு, ரெண்டாவது டிவிஷன்ல மூணாவது வந்த பார்ன்ஸ்லி கேட்டுச்சு, முதல் நாலு எடத்துலயே இல்லாத ஆர்சனலும் கேட்டுச்சு. ஆர்சனல் 18 ஓட்டு, டாட்டன்ஹாம் 8. சேர்மன் ஹென்றி நாரிஸ் எப்படிப் பேசி வாங்குனாருன்னு இன்னிவரைக்கும் சண்ட. அன்னிக்கு ஏறுன டீம் இன்னும் கீழ எறங்கல.

கேள்வி (ஆடிட்டர் அருள்): கிளப் திவாலானா யாருக்குப் பணம் முதல்ல போகும்? பாயிண்ட் வெட்டுறது எப்ப வந்துச்சு?

கிளப் மஞ்சக் கடுதாசி குடுக்குற நெலமைக்கு வந்தா அட்மினிஸ்ட்ரேட்டர்னு ஒருத்தர் வந்து சாவிய வாங்கிக்குவாரு, கடன்காரங்க கொஞ்ச நாள் கைய வைக்க முடியாது. லீக்ல தொடரணும்னா பிளேயர் சம்பளம், மத்த கிளப்புக்கான பாக்கி எல்லாம் முழுசா தீர்க்கணும், இதுக்குப் பேரு ஃபுட்பால் கிரெடிட்டர்ஸ் விதி. ரொம்ப காலம் மிச்சம் மீதிதான் வரி ஆபீஸுக்கு, பேக்கரிக்காரனுக்கு, மேட்ச்ல முதலுதவி பண்ண ஆம்புலன்ஸ்காரங்களுக்குப் போச்சு, அதுவும் பவுண்டுக்கு சில பென்ஸ். வரி இலாகா கோர்ட்ல கேட்டுப் பாத்து 2012ல தோத்துச்சு. எனக்கு இந்த விதி சுத்தமா புடிக்காது, கோடீஸ்வர பிளேயருக்கு முழுக் காசு, கிரவுண்டுல விக்கிற பைங்குற கறிப் பலகாரத்த சுட்டுக் குடுத்தவனுக்கு நாமமா?

2002ல ஐடிவி டிஜிட்டல்னு டிவி கம்பெனி லீக் மேட்ச் காட்ட 315 மில்லியன் பவுண்ட் ஒப்பந்தம் போட்டுட்டு பாதில கவுந்துச்சு, 178 மில்லியனுக்கு மேல பாக்கி. வராத காச வந்ததா நெனச்சு சம்பளம் பேசுன கிளப் எல்லாம் வரிசையா படுத்துச்சு. லெஸ்டர் அந்த வருஷம் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போய் கடனக் கழுவிட்டு அதே சீசன்ல பிரமோஷனும் வாங்கிருச்சு, மத்தவன் வயிறு எரிஞ்சுது, 2004ல 10 பாயிண்ட் வெட்டுற விதி வந்துச்சு, இப்ப 12. அதிகமா வாங்குனது லூட்டன், 2008-09ல 30 பாயிண்ட். சீசனே மைனஸ் 30ல ஆரம்பம்.

கேள்வி (புதுசா வந்தவன்): ஆல்டர்ஷாட், மெய்ட்ஸ்டோன் ரெண்டும் ஒரே வருஷமா போச்சு?

ஆமா, 1992. ஆல்டர்ஷாட் மார்ச் மாசம் 36 மேட்ச் ஆடிட்டு மூடுச்சு, ரிசல்ட் எல்லாம் அழிச்சாச்சு. ரெண்டு வருஷம் முன்னாடியே மூட வேண்டியது, 19 வயசுப் பையன் ஒருத்தன் ரெண்டு லட்சம் பவுண்ட் தர்றேன்னு வந்து காப்பாத்துனான். மெய்ட்ஸ்டோன் ஆகஸ்ட்ல, புது சீசன் ஆரம்பிக்கும்போதே கைய விரிச்சுட்டாங்க. சொந்த கிரவுண்ட வித்துட்டு டார்ட்ஃபோர்டு கிரவுண்டுல குடித்தனம் இருந்தாங்க, கடைசில குடியிருந்தவனும் போனான், வீட்டுக்கார டார்ட்ஃபோர்டும் தான் ஆடிட்டு இருந்த சதர்ன் லீக்க விட்டுப் போச்சு. ஆல்டர்ஷாட் டவுன்னு புதுப் பேர்ல 2008ல திரும்பி வந்தாங்க. மெய்ட்ஸ்டோனுக்கு சொந்த ஊர்ல கிரவுண்டு கெடைக்கவே 2012 ஆச்சு.

கேள்வி (வடக்கு வாசல்): பெரி கிளப் மூடுனப்ப நீங்க அங்கதானே இருந்தீங்க?

இருந்தேன், எங்க வீட்டுல இருந்து டிராம்ல ஒரு மணி நேரம். 125 வருஷமா லீக்ல இருந்த கிளப், 1903 எஃப்ஏ கப் ஃபைனல்ல டெர்பிய 6-0ன்னு அடிச்சவங்க. 2018 டிசம்பர்ல ஒரு பவுண்டுக்குக் கை மாறுச்சு, ஒரே ஒரு பவுண்டு. அந்த சீசன்லயே பிரமோஷன் வேற வாங்குனாங்க, பிளேயருக்கு சம்பளம் இல்லாம! 2019 ஆகஸ்ட் 27 கெடு. முன்னாடி டைரக்டரா இருந்த ஒரு அம்மா கிரவுண்டுல மழத்தண்ணிக் குழாயோட தன்னையே வெலங்கு போட்டுக்கிட்டு உக்காந்தாங்க. அன்னிக்கு வாங்க ஒரு ஆளு இருக்காரு, சனிக்கிழம மேட்ச் நடக்கும்னு பேச்சு கெளம்ப, நூத்துக்கணக்குல ஜனம் தொடப்பமும் துணியும் எடுத்துட்டு கிக் லேனுக்குப் போய் சீட்டெல்லாம் தொடச்சாங்க. என் ஆபீஸ்ல கூட வேல பாத்த பெரிக்காரர் லீவு போட்டுட்டுப் போனாரு, ஒரு வரிசை பூரா நீலத் துணியால தொடச்சேன், எங்க அப்பா உக்காந்த சீட்ட ரெண்டு தடவ தொடச்சேன்னு மறுநாள் சொன்னாரு. சாயங்காலம் வாங்க வந்தவங்க பின்வாங்கிட்டாங்க, ராத்திரி லீக்ல இருந்து நீக்கம். பக்கத்து போல்டனுக்கும் அதே நேரத்துல அதே பிரச்சன, மறுநாள் ஆளு கெடச்சு தப்பிச்சுது. இப்ப பெரி கீழ டிவிஷன்ல அதே கிக் லேன்லதான் ஆடுது.

கேள்வி (கோவை கிக்): நம்ம சென்னை சிட்டிக்கு நடந்ததும் இதே கதைதானே?

ஒரு வகையில ஆமா. 2018-19ல ஐ-லீக் சாம்பியன், ஈஸ்ட் பெங்கால விட ஒரே பாயிண்ட் கூட, கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்துல அந்தக் கூட்டத்த நீயும் பாத்திருப்ப. ஆனா மேல போக படியே இல்ல, ஐஎஸ்எல்லுக்கு பிரமோஷன் கெடச்ச முதல் ஐ-லீக் சாம்பியன் பஞ்சாப், 2023ல. அதுக்குள்ள சென்னை சிட்டி லீக்லயே இல்ல. ஆல்ட்ரின்சத்துக்காவது 25 ஓட்டு விழுந்துச்சு.

கேள்வி (டிசம்பர் பயணி): டிசம்பர்ல மான்செஸ்டர் வர்றேன், ஒரு சனிக்கிழம ஃப்ரீ. எங்க போகட்டும்?

சிட்டி சென்டர்ல இருந்து ஆல்ட்ரின்சம் டிராம் புடி, கடைசி ஸ்டாப், எறங்கி நடந்தா மாஸ் லேன். அன்னிக்கு ஹோம் மேட்ச் இருக்கான்னு முதல்ல பாத்துக்கோ, மூணு மணிக்குக் கிக்ஆஃப். உள்ளாடை ரெண்டு போடு, ஷூவுக்குள்ள சாக்ஸ் ரெண்டு, நிக்கிற எடம் சிமெண்ட்டு, குளிரு கால் வழியாத்தான் ஏறும். பை சூடா இருக்கும், உள்ள இருக்குற குழம்பு நாக்க சுட்டுரும், ஊதிச் சாப்டு. பக்கத்துல மஃப்ளரும் ஃபிளாஸ்க்குமா ஒரு பெரியவர் நின்னா 1980னு மட்டும் சொல்லு, மிச்சத்த அவர் வெரல் பாத்துக்கும்.